மேயர் நாற்காலிக்கு வழிவிட்ட வைஸ்ராய்: யார் இந்த ரிப்பன்?

சென்னை சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி மேலே ஏறி வந்தால், கண்ணில் படாமல் போகவே முடியாத ஒரு கட்டடம் உண்டு. வெள்ளை வெளேரென்று, நடுவில் மணிக்கூண்டோடு நிற்கும் ரிப்பன் மாளிகை. மாநகராட்சியின் தலைமை அலுவலகம். மழைநீர் வடிகாலா, சொத்து வரியா, குப்பை டெண்டரா, எல்லாப் பஞ்சாயத்தும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

2022 பிப்ரவரி 19-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது நினைவிருக்கலாம். 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள். மொத்தம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்டுகள். மக்கள் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு மட்டும். மார்ச் 4-ம் தேதி அந்தக் கவுன்சிலர்கள் கூடி மேயர்களையும், நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் அந்தத் தேர்தல் நடந்தது ரிப்பன் மாளிகையில். ஆர். பிரியா மேயரானார்; பட்டியல் சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

அதற்கு முன்பு ஐந்து வருஷத்துக்கும் மேல் அந்த மன்றத்தில் கவுன்சிலர் என்று ஒருத்தர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது, வழக்கு நடந்தது, தனி அலுவலர்தான் மாநகராட்சியை நடத்தினார். தெரு விளக்கு எரியலைன்னா யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாத காலம் அது.

ஓர் ஊரின் தலைமையில் யார் இருக்கணும்? அரசாங்கம் அனுப்பும் அதிகாரியா, ஊர்க்காரர்கள் அனுப்பும் ஆளா? இந்தக் கேள்வியை இந்தியா முழுவதற்குமான அரசுக் கொள்கையாக எழுதிவைத்தவர், அந்தக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவர்தான். எழுதியது 1882-ல்.

பிரதமர் வீட்டில் பிறந்தவர்

ஜார்ஜ் ஃபிரெடரிக் சாமுவேல் ராபின்சன். இதுதான் ரிப்பனின் இயற்பெயர். 1827 அக்டோபர் 24-ல் லண்டன், 10 டவுனிங் தெருவில் பிறந்தார். ஆமாம், பிரிட்டிஷ் பிரதமரின் அதிகாரபூர்வ வீட்டில்தான். அப்போது பிரதமராக இருந்தவர் அவருடைய அப்பா, கோட்ரிச் பிரபு. அந்தப் பதவி ஐந்து மாசம்கூட நிலைக்கவில்லை. நாடாளுமன்றத்தை ஒருமுறைகூடப் பிரதமராகச் சந்திக்காமலே அவர் ராஜினாமா செய்தார். பிற்பாடு அவருக்கு ரிப்பன் பிரபு என்ற பட்டம் வந்தது. ரிப்பன் என்பது வட இங்கிலாந்தில், யார்க்‌ஷரில் உள்ள ஒரு சின்ன ஊர். அந்த ஊரை மறந்துவிடாதீர்கள். கதையில் மறுபடியும் வரும்.

மகன் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. எல்லாம் வீட்டிலேயே. இவ்வளவு பெரிய இடத்துப் பையன் கிளப், குதிரை, வேட்டை என்று போயிருக்கலாம். ஆனா இருபது வயசில் அவர் போய்ச் சேர்ந்தது கிறிஸ்துவ சோஷலிஸ்ட்டுகள் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தில். தொழிலாளர் கூட்டுறவு, இரவுப் பள்ளி, சங்கம் என்று வேலை செய்த குழு அது. 1852-ல் இயந்திரத் தொழிலாளர்களை முதலாளிகள் வெளியே நிறுத்திக் கதவடைப்பு செய்தபோது, தொழிலாளர் பக்கம் நின்று பணம் கொடுத்தார் இந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை. அதே ஆண்டில் ஜனநாயகத்தை ஆதரித்து ஒரு சிறு நூலும் எழுதினார். ஒவ்வொரு மனிதனுக்கும் தன்னை ஆளுவதில் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். அது ரொம்பத் தீவிரமாக இருக்கிறது என்று குழுவின் தலைவரே அதை வெளியே விடாமல் நிறுத்தினார்.

முப்பது வருஷம் கழித்து சிம்லாவில் உட்கார்ந்து அவர் எழுதவைத்த கொள்கையின் விதை அங்கேதான் இருக்கிறது.

முதல் வெற்றியே செல்லாது

1852 பொதுத்தேர்தலில் ஹல் தொகுதியில் நின்று ஜெயித்தார். அடுத்த ஆண்டே அந்த வெற்றி ரத்தானது. காரணம், நமக்கு ரொம்பப் பழக்கமானது: ஓட்டுக்குப் பணம். அவர் கையால் கொடுக்கவில்லை, அவருக்காக வேலை செய்த ஏஜென்ட்டுகள் கொடுத்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. இருந்தாலும் பதவி போனது போனதுதான். கையை உயர்த்தியோ வாயால் சொல்லியோ பகிரங்கமாக ஓட்டுப் போட்ட காலம் அது. யார் யாருக்குப் போட்டார் என்று ஊருக்கே தெரியும். காசு கொடுத்தவருக்கும் தெரியும். ரகசிய வாக்குப்பெட்டி பிரிட்டனுக்கு 1872-ல்தான் வந்தது. அப்போது ரிப்பன் அமைச்சரவையில் இருந்தார்.

ஹல் போனாலும் அதே 1853-ல் ஹடர்ஸ்ஃபீல்டு தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1859-ல் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். இரண்டு பிரபுப் பட்டங்களும் சொத்துகளும் இவர் கைக்கு வந்தன. பிரபுக்கள் சபைக்குப் போனவர் போர்த்துறை அமைச்சர், கொஞ்ச காலம் இந்தியாவுக்கான அமைச்சர் என்று ஏறிக்கொண்டே போனார். 1870-ல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தபோது கல்வித் துறை அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் முக்கியம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் நடத்த, மக்கள் ஓட்டுப் போட்டு போர்டு அமைப்பார்கள். பெண்களும் அதில் நிற்கலாம். உள்ளூர் வேலையை உள்ளூர்த் தேர்தலோடு கட்டிப்போடும் வழி அவருக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது.

1874-ல் திடீரென்று எல்லாம் தலைகீழானது. இங்கிலாந்து ஃப்ரீமேசன்களின் கிராண்ட் மாஸ்டராக இருந்தவர், அந்தப் பதவியை விட்டுவிட்டு கத்தோலிக்கராக மாறினார். ஒரு முன்னாள் அமைச்சர் ரோமுக்குப் போய்விட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தார்கள். 1880-ல் லிபரல் கட்சி ஜெயித்து கிளாட்ஸ்டன் மறுபடி பிரதமரானபோது, இந்தியாவின் வைஸ்ராயாக அவர் தேர்ந்தெடுத்தது இந்த ரிப்பனைத்தான். ஒரு கத்தோலிக்கரை வைஸ்ராயாக அனுப்புவதா என்று அங்கே கூச்சல் கிளம்பியது. கிளாட்ஸ்டன் அசையவில்லை. 1880 ஜூனில், 52 வயதில், ரிப்பன் பொறுப்பேற்றார்.

முதல் இரண்டு வருஷம்

வந்ததும் ஆப்கன் போர் என்ற தலைவலி. அதை முடித்துப் படையைத் திரும்ப அழைத்தார். 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. ஏழு வயசுக்கு மேல் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம், ஒன்பது மணி நேரம் வரை. அன்றைக்கு அதுவே பெரிய முன்னேற்றம். 1882-ல், அவருக்கு முன்பிருந்த லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரத்து செய்தார். ஆங்கிலப் பத்திரிகை எதையும் எழுதலாம், இந்திய மொழிப் பத்திரிகை எழுதினால் அச்சகத்தையே பிடுங்கலாம் என்ற சட்டம் அது. அது ஒழிந்த அதே 1882-ல்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கினார்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோகும். உண்மையான பந்தயத்தை அவர் கட்டியது 1882 மே 18-ம் தேதி வெளியான தீர்மானத்தில்.

அந்தத் தீர்மானம் என்ன சொன்னது?

அதற்கு முன்பு இருந்த நிலைமையைக் கொஞ்சம் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். முனிசிபாலிட்டிகள் அப்போதும் இருந்தன. சென்னை மாநகராட்சி 1688-லேயே தொடங்கியது. அதற்கு மேயர்கூட இருந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்த மேயர். 1878-ல் வந்த ஒரு சட்டப்படி சென்னை நகரத்தின் 32 கமிஷனர்களில் பாதிப் பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையும் வந்திருந்தது. ஆனா நகரத்தைத் தாண்டினால் கதை வேற. ரோடு போடவும் சத்திரம் பராமரிக்கவும் ஒரு கமிட்டி இருக்கும். அதன் தலைவர் கலெக்டர். உறுப்பினர்களை நியமிப்பவரும் கலெக்டர். கலெக்டர் சொன்னதற்கு மறுப்புச் சொல்ல எந்த மிராசுதாரருக்குத் துணிச்சல் வரும்? கூட்டம் நடக்கும், கையெழுத்து விழும், முடிந்தது.

ரிப்பனின் தீர்மானம் கைவைத்தது இந்த இடத்தில்தான். போர்டின் எல்லை சின்னதாக இருக்கணும் என்றது. மாவட்டம் முழுக்க ஒரே போர்டு வைத்தால் உறுப்பினருக்கு இடமும் தெரியாது, பிரச்னையும் தெரியாது. எனவே தாலுகா அளவுக்கு இறங்கணும். போர்டில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி எல்லாம் அதிகாரிகள் அல்லாதவர்கள். முடிந்த இடத்தில் எல்லாம் அவர்களைத் தேர்தல் மூலம் கொண்டுவரணும், முதலில் ஊர்களில், அப்புறம் கிராமப்புறத்தில். எந்த முறையில் தேர்தல் என்பதை அந்தந்த மாகாணம் பரீட்சை செய்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

காசு இல்லாமல் அதிகாரம் எதற்கு? உள்ளூரில் வசூலாகும் சில வருவாய்களை உள்ளூருக்கே விட்டுவிடணும் என்று சொன்னார்கள். முனிசிபாலிட்டிகளின் தலையில் இருந்த போலீஸ் செலவை எடுத்துவிட்டு, பதிலுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற பொறுப்புகளைக் கொடுக்கலாம் என்பதும் அந்த யோசனையில் சேர்த்தி. இன்றைக்கும் மேயர்கள் கையேந்தி நிற்கும் விஷயம் நிதிதான். அதைத் தொடக்கத்திலேயே பேசியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகாரிகளைக் கோபப்படுத்தியது தலைவர் நாற்காலி பற்றிய பகுதி. கூடுமானவரை போர்டின் தலைவராக அதிகாரி இருக்கக் கூடாது என்றது தீர்மானம். கலெக்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், பழக்கமும் வராது. அரசாங்கம் உள்ளே உட்கார்ந்து நடத்தக் கூடாது, வெளியே நின்று கவனிக்கணும். சில வரிகளுக்கும் கடனுக்கும் முன் அனுமதி வேண்டும். போர்டு சட்டத்தை மீறினால் அந்த முடிவை ரத்து செய்யலாம். ரொம்ப மோசமாகப் போனால் போர்டையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். கடைசியாகச் சொன்ன இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரிப்பன் அதை அபூர்வமாக எடுக்க வேண்டிய ஆயுதமாகத்தான் நினைத்தார்.

இப்படியெல்லாம் செய்தால் வேலை இப்போதைவிட நன்றாக நடக்குமா? நடக்காது என்பது தீர்மானத்துக்கே தெரியும். ஆரம்பத்தில் தப்பு நடக்கும், நேரம் வீணாகும், கலெக்டர் செய்ததைவிட மோசமாகவும் போகலாம். நிர்வாகம் உடனே மேம்படும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. மக்களுக்கு அரசியல் பழக்கம் வரவேண்டும் என்பதற்காகவே செய்கிறோம் என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஓர் அரசாங்க ஆவணம் தன் திட்டம் முதலில் சொதப்பலாம் என்று முன்கூட்டியே எழுதுவது எந்தக் காலத்திலும் அபூர்வம்தான்.

இன்னொன்றும் கவனிக்கணும். இங்கிலாந்தின் மாவட்டங்களை அப்போது நிர்வகித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தேர்ந்தெடுக்காத நிலப்பிரபு மாஜிஸ்திரேட்டுகள். அங்கே மாவட்ட கவுன்சில்களுக்குத் தேர்தல் வேண்டும் என்ற சட்டம் 1888-ல்தான் வந்தது. தன் சொந்த ஊரில் இல்லாத உரிமையை ஆறு வருஷம் முன்பே இந்திய கிராமப்புறத்துக்கு யோசித்திருக்கிறார்.

காகிதத்திலிருந்து சட்டத்துக்கு

தீர்மானம் என்பது சட்டம் இல்லை. சட்டம் போடவேண்டியது மாகாணங்கள். அங்கே இருந்த கவர்னர்களும் கலெக்டர்களும் ரிப்பன் மாதிரி யோசிக்கிறவர்கள் இல்லை. கலெக்டரை வெளியே நிறுத்தினால் எல்லாம் குட்டிச்சுவராகும் என்றார்கள். 1882 கடைசியில் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக வந்த கிம்பர்லியும் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு விழுந்தது.

சென்னை மாகாணத்தில் 1884-ல் இரண்டு பெரிய சட்டங்கள் வந்தன. ஒன்று, மாவட்ட முனிசிபாலிட்டிகள் சட்டம். சேலம், கோவை, மதுரை மாதிரியான ஊர்களின் முனிசிபல் கவுன்சிலில் முக்கால் பங்கு வரை தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கலாம் என்றது. கவுன்சிலே தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் வழி திறந்தது. இன்னொன்று, லோக்கல் போர்டுகள் சட்டம். மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, அடியில் சில கிராமங்களைச் சேர்த்த யூனியன் என்று மூன்று தட்டு. இப்போதும் கிராமத்தில் யூனியன் ஆபீஸ் என்கிறோமே, அதன் வடிவம் பின்னாளில் மாறினாலும் அந்தச் சொல் இந்தச் சட்டத்திலேயே உண்டு.

ஆனா ஜில்லா போர்டின் தலைவர் யார்? கலெக்டர். தாலுகா போர்டின் தலைவர்? அந்தக் கோட்டத்தின் ரெவின்யூ அதிகாரி. ரிப்பன் எதைக் கூடாது என்றாரோ, அதையே சட்டம் உள்ளே வைத்துத் தைத்துவிட்டது. கிராமப்புற போர்டுகளில் உறுப்பினர்களும் பெரும்பாலும் நியமனம்தான்.

ஓட்டுரிமையும் எல்லாருக்கும் இல்லை. வரி கட்டுபவர், சொத்து உள்ளவர், ஆண். இந்த மூன்றும் இருந்தால்தான் ஓட்டு. கூலி வேலை செய்பவருக்கோ, தீண்டாமைக் கொடுமையில் நிலமில்லாமல் கிடந்தவருக்கோ, பெண்களுக்கோ அந்தப் பெட்டி எட்டவே இல்லை. ரிப்பனைக் கொண்டாடுபவர்கள் பல நேரம் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். வக்கீல், வியாபாரி, நிலக்கிழார் ஆகிய மூன்று கூட்டத்துக்குத்தான் முதல் நாற்காலிகள் கிடைத்தன.

ஒரு மசோதா எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது

உள்ளாட்சிக்கான சட்டங்கள் தயாராகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1883 பிப்ரவரியில், சட்ட உறுப்பினர் இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாவட்டங்களில் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளையும் விசாரிக்கலாம் என்பதுதான் விஷயம். கல்கத்தா ஆங்கிலேயர்கள் கொதித்தெழுந்தார்கள். டவுன் ஹாலில் ஆவேசக் கூட்டம், தோட்ட முதலாளிகளின் நிதி வசூல், பத்திரிகைகளில் வசை. வைஸ்ராய் வைத்த வரவேற்புகளுக்கே போகாமல் புறக்கணித்தார்கள். தெருவில் அவர் வண்டி போனால் கேலி செய்தார்கள். காவலர்களை மடக்கி, வைஸ்ராயைத் தூக்கிக் கப்பலில் போட்டு இங்கிலாந்துக்கே அனுப்பிவிடலாம் என்று ஒரு சதிப் பேச்சும் அடிபட்டது.

கடைசியில் ரிப்பன் இறங்கிவந்தார். 1884 ஜனவரியில் மசோதா சட்டமானது, ஆனால் பாதிப் பேராவது ஐரோப்பியராக இருக்கும் ஜூரி வேண்டும் என்று ஐரோப்பியக் குற்றவாளி கேட்கலாம் என்ற சலுகையோடு. மசோதாவின் உயிரே போய்விட்டது என்று இந்தியத் தலைவர்கள் வருந்தினார்கள். சத்தமாக, ஒன்றாக, பணம் திரட்டிக் கத்தினால் அரசாங்கம் வளைகிறது என்ற பாடத்தையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். 1884-ல் சென்னை மகாஜன சபை, 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ்.

1884 டிசம்பரில், பதவிக்காலம் முடியும் முன்பே, ரிப்பன் கிளம்பினார். தன் இடத்துக்கு இன்னொரு லிபரல் வைஸ்ராய் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே விலகினார் என்பது பொதுவான கருத்து. பம்பாய் வரைக்கும் வழியெல்லாம் கூட்டம். எந்த வைஸ்ராய்க்கும் அதற்கு முன்பு இந்தியர்கள் அப்படி ஒரு வழியனுப்பு கொடுத்ததில்லை. அவர் வென்றது கொஞ்சம், தோற்றது நிறைய. ஆனாலும் ஜனம் திரண்டது. சென்னையில் ரிப்பனுக்கு அப்பன் என்று எதுகை போட்டு மக்கள் அவரைக் கொண்டாடியதாக இன்றும் சொல்வார்கள்.

மேயரான மாஜி வைஸ்ராய்

ஊருக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. கடற்படை அமைச்சர், பிறகு 1892 முதல் 1895 வரை காலனிகளுக்கான அமைச்சர். அந்தப் பதவியில் இருக்கும்போது, 1894-ல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து அவர் பெயருக்கு ஒரு மனு வந்தது. இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதாவை ஏற்கக் கூடாது என்று கேட்ட மனு. சுமார் 10,000 கையெழுத்து. தயாரித்தவர் 24 வயது பாரிஸ்டர், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழ்க் கூலிகள் ஏராளமாக இருந்தார்கள். இது அவர்களுடைய ஊரின் பிரச்னையும்கூட.

இந்தியர்களுக்கு ஓட்டுப் போட்டுப் பழக்கமே கிடையாது என்பது நேட்டால் வெள்ளையர்களின் முக்கிய வாதம். இந்தியாவில் முனிசிபாலிட்டிகளுக்குத் தேர்தல் நடக்கிறதே, பிறகு எப்படிப் பழக்கம் இல்லை என்பீர்கள் என்று காந்தி 1895-ல் எழுதிய பிரசுரத்தில் திருப்பிக் கேட்டார். அரைகுறையாக வெட்டப்பட்ட அந்த உள்ளாட்சித் தேர்தல், கடல் தாண்டி ஒரு வழக்கில் ஆதாரமாக நின்றது. மூல மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. ஆனா 1896-ல் நேட்டால் வேறு வார்த்தைகளைப் போட்டு அதே காரியத்தை முடித்துக்கொண்டது.

1895-ல் ஆட்சி போனது. அமைச்சர் பதவியும் போனது. அந்த ஆண்டே, 68 வயதில், ரிப்பன் ஒரு புதிய பொறுப்பை ஏற்றார். முதலில் சொன்ன அந்தச் சின்ன ஊர், ரிப்பன். அதன் மேயரானார். இந்தியா முழுவதையும் ஆண்ட மனுஷர் ஒரு சந்தை ஊரின் கவுன்சில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1896 வரை ஒரு வருஷம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சில்தான் தேர்ந்தெடுக்கும். நம்ம ஊர் மறைமுகத் தேர்தல் மாதிரியே. அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தினமும் ராத்திரி 9 மணிக்குச் சந்தைச் சதுக்கத்தின் நான்கு மூலையிலும் ஒருவர் கொம்பு ஊதி, பிறகு மேயரிடம் போய் ஊர்க்காவல் தொடங்கிவிட்டது என்று சொல்வார். ஊரின் பாதுகாப்புக்கு மேயர்தான் பொறுப்பு என்பதன் மிச்சம் அது. இன்றைக்கும் கொம்பு ஊதுகிறார்கள்.

பிறகும் 1905 முதல் 1908 வரை அமைச்சரவையில் இருந்தார். 1909 ஜூலை 9-ல், 81 வயதில், அந்த ஊருக்குப் பக்கத்திலேயே தன் வீட்டில் காலமானார்.

பெயர் மட்டும் வந்த கட்டடம்

அவர் இறந்து ஐந்து மாதத்தில், 1909 டிசம்பர் 11-ல், சென்னை மாநகராட்சியின் புதுக் கட்டடத்துக்கு வைஸ்ராய் மிண்டோ அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பரில் அடுத்த வைஸ்ராய் ஹார்டிங் திறந்துவைத்தார். பெயர், ரிப்பன் மாளிகை. செலவு சுமார் ஏழரை லட்சம் ரூபாய்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிப்பன் காலத்துச் சட்டத்தால் 1884-ல் சென்னையின் 32 உறுப்பினர்களில் 24 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக ஆனார்கள். 1904-ல் வந்த சட்டம் மொத்தத்தை 36 ஆக்கி, வரி கட்டுவோர் அனுப்பும் ஆட்களை 20-ஆகக் குறைத்துவிட்டது. தலைவரோ அரசாங்கம் நியமித்த அதிகாரி. ஆக, ரிப்பன் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் முதலில் குடியேறிய மாநகராட்சி, அவர் விட்டுப்போன மாநகராட்சியைவிட ஒரு படி பின்னால் இருந்தது.

1919-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கவுன்சிலே தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அப்படி வந்த முதல் தலைவர் பிட்டி தியாகராயர். சுமார் 40 ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது அவர் தலைமையிலான மாநகராட்சிதான். சேலத்தில் ராஜாஜி, ஈரோட்டில் பெரியார் என்று 1910-களின் கடைசியில் முனிசிபாலிட்டித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாகாண அரசியலுக்கு வந்தவர்கள் உண்டு. 1933-ல் தலைவர் என்ற பெயர் மேயர் ஆனது. முதல் மேயர் முத்தையா செட்டியார்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ரிப்பன் ஓரமாக எழுதிவைத்த அந்தக் கடைசி ஆயுதமும் கூடவே வந்தது. 1973-ல் போலி வருகைப் பதிவேடு ஊழலைக் காரணம் காட்டி சென்னை மாநகராட்சி மன்றத்தை மாநில அரசு கலைத்தது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். 23 வருஷம்! அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகள், தங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்காமலே கல்லூரி முடித்துவிட்டார்கள். 1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று ஆக்கிய பிறகே அந்தக் கதவு திறந்தது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விதியை மாற்றியது ஒவ்வொரு முறையும் கோட்டைதான். ரிப்பன் மாளிகைக்கு அதில் சொல் கிடையாது.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. அங்கேயும் பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது.